தண்ணீர் பாட்டிலைத் திறக்காத அண்ணன்களுக்கு

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஈஜிபுராவிலும் கே.ஆர்.புரத்திலும் ஆட்டோவும் டாக்சியும் ஓட்டிக்கொண்டிருக்கும் தமிழ் அண்ணன்களே, தம்பிகளே,

நான் ஓர் ஆட்டோக்காரரின் மகள். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த என் அப்பா, முப்பத்தோரு வருடம் இந்த ஊரில் காக்கிச் சட்டை போட்டார். அவருடைய சீட்டின் மேல் எப்போதும் ஒரு பழுப்புத் துண்டு நான்காக மடித்துக் கிடக்கும். வியர்வைக்கு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டில் மற்ற துணியெல்லாம் அம்மா துவைப்பாள். அந்தத் துண்டை மட்டும் அப்பா தானே அலசிக் காயப்போடுவார். கேட்டால், கிரீஸ் கறை, உனக்குப் போகாது என்பார்.

ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆண்களுக்கு 13க்கு மேல் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 6தான் இருந்தது. எவ்வளவு நாளாக ரத்தம் போகிறது என்று டாக்டர் கேட்டதும், அப்பா எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் அம்மாவும் நானும் அந்தப் பதிலைக் கேட்டோம். ஆறு வருடம்.

ஆறு வருடம் ஒரே வீட்டில், ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்ட குடும்பம் நாங்கள். மின்கம்பத்துக்கு மின்கம்பம், பஸ் ஸ்டாண்டுத் தூணுக்குத் தூண் ஒட்டியிருக்கும் ஒரு சொல்லை அவரால் வீட்டுக்குள் சொல்ல முடியவில்லை. மூலம். அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். வெட்கப்படாமல் படியுங்கள். படித்துவிட்டு ஸ்டாண்டில் அடுத்தவரிடம் கொடுங்கள்.

1978 டிசம்பரில் அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டருக்கு மூலம் முற்றி, அலுவல்களை ரத்து செய்ய வேண்டி வந்தது. காரணம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. அதனால் அவர் மதிப்பு ஒரு இம்மியும் குறையவில்லை. உங்களுக்கு வந்தாலும் குறையாது.

முதலில் ஒரு பேச்சைத் தீர்த்துவிடுகிறேன். சீட்டுக்கடியில் இன்ஜின் சூடு, அதனால்தான் மூலம் வருகிறது என்று ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வீர்கள். அப்பாவும் அதைத்தான் சொன்னார். சூடு என்றால் தொழிலோடு பிறந்த விதி, ஒன்றும் செய்யமுடியாது என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை.

மூலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் வியாதியல்ல. ஆசனவாயின் உட்பக்கத்தில் நம் எல்லோருக்கும் பிறவியிலேயே மூன்று சின்ன மெத்தைகள் உண்டு. ரத்தக்குழாய்களும் சவ்வும் சேர்ந்தவை. ஆசனவாயை மூடி வைக்க உதவுவதுதான் அவற்றின் வேலை. மலம் கெட்டிப்பட்டு, அதைத் தள்ள மூச்சுப் பிடித்து முக்கும்போது அந்த மெத்தைகளில் ரத்தம் தேங்கி வீங்குகிறது. வருடக்கணக்கில் இப்படி முக்கினால், அவற்றைப் பிடித்து நிறுத்தியிருக்கும் தசைநார் தளர்ந்து அவை கீழே இறங்குகின்றன. முதலில் வலியே இருக்காது. சிவப்பாக நாலு சொட்டு, அவ்வளவுதான். அடுத்து, முக்கும்போது வெளியே வந்து தானே உள்ளே போகும். பிறகு விரலால் தள்ளினால்தான் போகும். கடைசியில் தள்ளினாலும் போகாது. நான்கு கட்டம். முதல் இரண்டில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பழக்கத்தை மாற்றியே நிம்மதியாக இருந்துவிட முடியும்.

ஆக, எல்லாம் கெட்டிப்பட்ட மலத்தில்தான் தொடங்குகிறது. அது ஏன் கெட்டிப்படுகிறது?

அப்பாவின் வண்டியில் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். காலையில் அம்மா நிரப்பிக் கொடுப்பாள். இரவு வரும்போது அது பெரும்பாலும் அப்படியே திரும்பி வரும். தாகமில்லாமல் அல்ல. குடித்தால் போகவேண்டும், எங்கே போவது? ரிச்மண்ட் சர்க்கிளில் சிக்கினால் எங்கே போவது? சில்க் போர்டில்? மாரத்தஹள்ளியில்? டாம்டாம் நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், பெங்களூரு நகரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் போகச் சராசரியாக 29 நிமிடம் ஆனது. உலகில் லண்டனுக்கு அடுத்த இடம் நமக்கு. அந்த நெரிசலில் பயணியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓரம்கட்ட முடியுமா? அதனால் குடிப்பதையே நிறுத்திவிடுகிறீர்கள். வண்டி ஓட்டும் பெண்களுக்கு இது இன்னும் கொடுமை.

இந்த ஊர்க் குளிர்ச்சியும் சேர்ந்து ஏமாற்றுகிறது. சென்னையில் ஓட்டுகிறவருக்கு உச்சி வெயில் தொண்டையைக் காயவைத்துத் தண்ணீரை நினைவூட்டும். கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த ஊரில் காற்று இதமாக வீசுகிறது, தாகம் தெரிவதில்லை. ஆனால் உடம்புக்கு வேண்டிய தண்ணீர் வேண்டியதுதான்.

குடல் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. உடம்பில் தண்ணீர் குறைந்தால் மலத்திலிருந்து உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். மலம் உள்ளே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு உறிஞ்சும். இதில் இன்னொரு தப்பும் நீங்கள் செய்கிறீர்கள். சாப்பிட்டவுடன், முக்கியமாகக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெருங்குடல் தானாகவே அசைந்து கொடுக்கும். இயற்கை வைத்த நேரம் அது. அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு விடியற்காலைச் சவாரி ஏற்றிக்கொண்டு ஹெப்பாள் மேம்பாலத்தில். வந்ததை அடக்குகிறீர்கள். அடக்கினால் அந்த உந்தல் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், மலம் பின்வாங்கும், இன்னும் தண்ணீர் இழக்கும். மறுநாள் காலையில் அது கல். டீயும் பீடியும் போட்டு அதை வெளியே தள்ளப் பார்க்கிறீர்கள்.

அப்பாவின் கதை இதுதான் என்று பின்னால் டாக்டர் பொறுமையாக விளக்கினார். இன்ஜின் சூட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது குடலை மந்தமாக்கும், அதனால் அவ்வப்போது இறங்கி நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

எனவே உங்களிடம் நான் கேட்கும் முதல் விஷயம், கழிப்பறைகளை உங்கள் வழித்தடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சந்தில் போலீஸ் நிற்பார், எந்த நேரத்தில் எந்தச் சிக்னல் திறக்கும் என்று உங்களுக்கு மனப்பாடம். அதே மாதிரி இதுவும் மனப்பாடம் ஆகட்டும். பெட்ரோல் பங்கு நடத்துகிறவர்களுக்கு எண்ணெய் நிறுவனங்கள் வகுத்திருக்கும் நெறிமுறையில், டயருக்குக் காற்று, குடிநீர், சுத்தமான கழிப்பறை மூன்றும் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. கேஸ் நிரப்ப நீங்கள் தினமும் வரிசையில் நிற்கும் பங்கில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள். நீங்கள் அங்கே காசு கொடுக்கும் வாடிக்கையாளர், கூச்சப்பட ஒன்றுமில்லை. மெட்ரோ நிலையம், பஸ் நிலையம், சந்தை, ஆஸ்பத்திரி என்று ஸ்டாண்டில் பத்துப் பேர் உட்கார்ந்து எழுதினால் அரை மணி நேரத்தில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவையுங்கள். எங்கே கழிப்பறையே இல்லை என்பதும் அந்தப் பட்டியலில் தெரியும். அதை எடுத்துக்கொண்டு உங்கள் சங்கம் மாநகராட்சிக்குப் போக வேண்டும். மீட்டர் கட்டணத்துக்குப் போராடிய சங்கங்கள் இதற்கும் போராட வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

இடம் தெரிந்துவிட்டால் தண்ணீர் குடிக்கப் பயம் போய்விடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிற அளவுக்குக் குடியுங்கள். அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு பெரிய சொம்பு. பாட்டில் மதியத்துக்குள் ஒரு முறை காலியாக வேண்டும். சிறுநீரகமோ இதயமோ சரியில்லை, தண்ணீர் குறைத்துக் குடி என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொன்ன அளவு.

விமான நிலையச் சவாரி பிடிக்கிறவர்கள் அரை மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள். வெதுவெதுப்பாக ஏதாவது குடித்துவிட்டு, இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டு, வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த ஒரு சவாரியில் கிடைப்பதைவிட இந்த அரை மணி நேரத்துக்கு மதிப்பு அதிகம். இது கணக்குப் பார்த்துச் சொல்வது. அப்பாவுக்குக் கடைசியில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது, அதற்குப் பிறகு வண்டி ஒன்றரை மாதம் சும்மா நின்றது.

அடுத்து சாப்பாடு. உள்ளதைச் சொல்கிறேன், நீங்கள் சாப்பிடுவதில் பாதி மைதா. பரோட்டா, பப்ஸ், பன், டீக்கு ரெண்டு பிஸ்கெட். மீதி வெள்ளை அரிசி. கோழி சாப்பிட்டால் சூடு, மூலம் வரும் என்று சிலர் ஒதுக்குகிறீர்கள். கோழியில் குற்றமில்லை. பிரியாணித் தட்டில் ஒரு காயோ கீரையோ இல்லை என்பதுதான் குற்றம். இறைச்சியில் நார்ச்சத்து கிடையாது. மைதாவிலும் தீட்டிய அரிசியிலும் 100 கிராமுக்கு 3 கிராம்கூடக் கிடையாது. ஒருவருக்கு நாளைக்கு 30 கிராம் அளவில் தேவை. நார்தான் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை மெத்தென்று ஆக்குகிறது.

இந்த விஷயத்தில் கர்நாடகத்தில் இருப்பதே ஒரு வரம். ராகியில் 100 கிராமுக்கு 11 கிராம் நார் இருக்கிறது. ராகி முத்தெயும் கீரைச் சாறும் கிடைக்காத தெரு இந்த ஊரில் அபூர்வம். வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அண்ணன்களுக்கு நான் களியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்மா கிளறியதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். நகரத்துக்கு வந்ததும் அது ஏழைச் சாப்பாடு என்று தோன்றிவிட்டது.

ராகியின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். அங்கே உகாண்டாவில் பல வருடம் அறுவை மருத்துவராக இருந்தவர் அயர்லாந்துக்காரரான டெனிஸ் பர்கிட். தவிடு நீக்காத தானியமும் கிழங்கும் பயறும் சாப்பிடும் அந்தக் கிராமத்து மக்களிடம் மலச்சிக்கலும் மூலமும் அரிதாக இருப்பதைப் பார்த்து, 1970களில் மேலைநாட்டு மக்களிடம் நார்ச்சத்தை வலியுறுத்தி எழுதியும் பேசியும் வந்தார். அதே காலத்தில் நம் மாண்டியாவில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் இணைத்துப் புதிய ரகங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவற்றுக்கு இண்டாஃப் என்றே பெயர். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சேர்ந்த பெயர். அந்த ராகி வளர்ந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு நாம் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம்.

பர்கிட் சொன்னது கண்ணால் கண்டது. பின்னாளில் பரிசோதனையும் செய்து பார்த்தார்கள். மூலம் உள்ள 378 பேரிடம் நடந்த ஏழு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததில், நார்ச்சத்து சேர்த்துக்கொண்டவர்களுக்கு ரத்தக்கசிவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. மருந்துக்கடையில் தைலம் கேட்கும் முன் இதைச் செய்யுங்கள். மதியம் ஒரு ராகி உருண்டை. வீட்டில் ஒரு வேளை கீரை, அவரை, மொச்சை, வாழைத்தண்டு. வண்டியில் பிஸ்கெட்டுக்குப் பதில் கொய்யா. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் காய்கறியும் கீரையுமாக நாளைக்கு 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. அவ்வளவு முடியாவிட்டாலும் இப்போது சாப்பிடுவதை இரட்டிப்பாக்குங்கள். ஒரே நாளில் ஏற்றாதீர்கள், வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக ஏற்றுங்கள். இசப்கோல் குடிக்கிறவர்கள் நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே உள்ளே அடைத்துக்கொள்ளும்.

நம் ஊர்ப் பாட்டிகள் மூலத்துக்குப் பிடிகருணையும் துத்திக் கீரையும் சமைத்துப் போட்டார்கள். காயும் கீரையுமாகச் சாப்பிடுவது எப்படிப் பார்த்தாலும் நல்லதே. ஆனால் ரத்தம் போகும்போது அதை மட்டும் நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். அல்சூர் ஏரிக்கரையில் 2009இல் திறந்த வள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் வண்டி போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். அவர் மருந்து என்று ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். அதில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான்.

இளைய தம்பிகளுக்குத் தனியாக ஒரு சொல். நாள் முழுக்கப் போனில்தான் சவாரி வருகிறது, சரி. கழிப்பறைக்குள்ளும் அதை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் 125 பேரிடம் செய்து 2025இல் வெளியான ஆய்வில், கழிப்பறையில் போன் பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. போன் குற்றவாளி இல்லை, அது உட்காரவைக்கும் நேரம்தான். கழிப்பறை இருக்கையில் நடுவில் தாங்கல் கிடையாது. உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த மெத்தைகள் கீழ்நோக்கி அழுந்துகின்றன. ஐந்து நிமிடத்தில் வரவில்லையா, எழுந்துவிடுங்கள். பிறகு வரும்.

குந்தி உட்காரும் பழைய கழிப்பறை இருக்கும் வீட்டுக்காரர்கள் அதை இடித்து மாற்ற அவசரப்படாதீர்கள். 28 பேரைக் குந்தவைத்தும் நாற்காலி மாதிரி உட்காரவைத்தும் ஒருவர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். குந்தியபோது சராசரியாக 51 விநாடியில் முடிந்தது. வழக்கமான உயரத்து இருக்கையில் 130 விநாடி ஆனது. குந்தும்போது மலக்குடலின் வளைவு நேராகிறது, முக்க வேண்டியதில்லை. முட்டிவலிக்காரர்கள் இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் ஒரு குட்டை முக்காலி போட்டுக்கொண்டால் போதும்.

இப்போது, ஏற்கெனவே ரத்தம் பார்த்துவிட்டவர்களுக்கு.

மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் அந்த நோட்டீஸை நம்பாதீர்கள். ஆபரேஷன் இல்லாமல், ஒரே ஊசியில், ரகசியமாக என்று இருக்கும். அப்பா அதை நம்பிப் போனார். ஒரு மாடியறை; பலகையில் டாக்டர் என்று இருந்தது, என்ன படிப்பு என்று இல்லை. மூன்று ஊசி, ஒன்பதாயிரம் ரூபாய். ஊசி போட்ட இடம் சீழ் பிடித்து நாலு மாதம் அவதிப்பட்டார். அதையும் எங்களிடம் சொல்லவில்லை. ரகசியமாக என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் அவர்கள் பிழைப்பே நடக்கிறது. நம் வெட்கம் அவர்களுக்கு வருமானம்.

மார்க்கெட் பக்கத்தில் 1900இலிருந்து விக்டோரியா ஆஸ்பத்திரி இருக்கிறது. சிவாஜிநகரில் பௌரிங், மல்லேஸ்வரத்தில் கே.சி. ஜெனரல், ஜெயநகரில் பொது மருத்துவமனை. எல்லாம் அரசு மருத்துவமனைகள். அறுவை மருத்துவப் பிரிவில் சீட்டு வாங்கினால் போதும். கன்னடம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். ரக்த, மூலவ்யாதி என்ற இரண்டு சொல் போதும், அங்கே எல்லோருக்கும் புரியும். பெரும்பாலும் மருந்தும் சாப்பாட்டு மாற்றமுமே போதும் என்பார்கள். தேவைப்பட்டால் சின்ன ரப்பர் வளையம் மாட்டிவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். கத்தி கடைசியில்தான். அப்பாவைப் போல ஆறு வருடம் காத்திருந்தவர்களுக்குத்தான் அது.

இன்னொன்று. ஆசனவாயிலிருந்து போகும் ரத்தம் எல்லாம் மூலம் அல்ல. பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். ரத்தம் கறுத்தோ மலத்தோடு கலந்தோ வந்தால், எடை குறைந்தால், போகும் பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று இருந்தால், நாற்பதைத் தாண்டியவராக இருந்தால், இது மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். விரலால் ஒரு நிமிடம் சோதிப்பதை வெட்கமென்று மறுக்காதீர்கள். ஆரம்பத்தில் பிடித்தால் அந்தப் புற்றுநோயைக் குணப்படுத்த முடியும்.

அப்பா இப்போது வண்டி ஓட்டுவதில்லை. ஈஜிபுரா வீட்டில் காலையில் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிறார். அவருடைய வண்டியைத் தம்பி ஓட்டுகிறான். அம்மா பாட்டிலை நிரப்பிக் கொடுக்கிறாள். இரவு அது காலியாக வந்திருக்கிறதா என்று அப்பா எடுத்துப் பார்க்கிறார்.

நாளைக்குக் காலையில் ஸ்டாண்டில் யாராவது ஒருவர் முதலில் வாய் திறந்து, எனக்கு ரத்தம் போகிறது, டாக்டரிடம் போகப்போகிறேன் என்று சொல்லுங்கள். கூட இன்னொருவர் கிளம்புவார். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள். சீக்கிரம் போங்கள், பி.பி.எல். கார்டு இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆட்டோக்காரரின் மகள்
ஈஜிபுரா, பெங்களூரு